பழைய கமராவுக்கு உறுப்புத் தேடல்

தமிழிலக்கணம் பயின்றோர் சொல்லைப் பகுபதம் எனவும் பகாப்பதம் எனவும் இரண்டாக வகுப்பர். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டத்தக்கது பகுபதம். அவ்வாறு பிரித்தாற் பொருள் தராதது பகாப்பதம். வகுப்பறையில் ஆண்டுதோறும் நாம் கற்பிக்கும் இப் பாகுபாடு நாம் கையாளும் கருவிகளுக்கும் பொருந்துவதை அண்மையில் உணர்ந்தோம். இக்காலக் கைத்தொலைபேசியிலுள்ள கமரா பகாப்பதம் போன்றது. அது பழுதுற்றால் அத்தொகுதியை முழுவதாகக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவர். அதனுள்ளே ஒரு திருகாணியைத் தேடித் திருத்துவார் இல்லை. நம் தந்தையர் காலத்துப் படச்சுருட் கமராவோ பகுபதம். அதன் உறுப்பு ஒவ்வொன்றும் தனித்தனியே கழறும், தனித்தனியே பெயர் பெறும், தனித்தனியே பழுதுபடும். ஆகவே அதனைத் திருத்த விரும்புவோர் முதலிற் செய்யவேண்டியது உறுப்பிலக்கணம் அறிதலேயாம்.

இதனை நாம் எழுத நேர்ந்த காரணத்தைக் கூறுதல் முறை. நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர், சில காலத்துக்கு முன் பாமன்கடையிலுள்ள நம் இல்லத்துக்கு ஒரு தோற்பையுடன் வந்தார். பையினுள் இருந்தது 'யசிக்கா மற் 124ஜி' என்னும் இரட்டை வில்லைக் கமரா. நாட்டிற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட 1977க்குப் பின்னர், 1979இல், அவருடைய தந்தையார் அதனை வாங்கினாராம். 1983 யூலையில் அவர்களுடைய வீடு எரிந்தபோது படத்தொகுப்புக்கள் யாவும் எரிந்தன. கமரா மட்டும் பழுது பார்ப்பதற்காக வேறொருவரிடம் இருந்தமையால் தப்பியது. "சேர், அப்பாவின்ரை படம் ஒன்றும் எங்களிட்டை இல்லை, அவர் படம் எடுத்த பெட்டி மாத்திரம் இருக்குது. விழாவுக்கு எடுக்கும் குழுப்படத்தை இதாலை எடுக்கலாமோ?" என்று அவர் வினவினார்.

அவர் நம்மிடம் வருமுன் பல கடைகளில் ஏறி இறங்கியிருந்தார். எல்லாரும் ஒரே விடையையே பகர்ந்தனர்: "இதுக்குப் பார்ட்ஸ் வருவதில்லை." இவ் விடை உண்மையே. ஆயினும் 'வருவதில்லை' என்பது வேறு. 'இல்லை' என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்குவதே இக் கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இக் கருவி யாதென அறிவோம். 1901ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனம் தன் பிறவுணிப் பெட்டிக் கமரா ஒன்றுக்காக '120' என்னும் எண்ணிட்ட படச்சுருளை வெளியிட்டது. ஏறக்குறைய 6 சதமமீற்றர் அகலமுடைய அச்சுருள் கறுப்புக் காகிதத்துடன் சேர்த்துக் கட்டையிற் சுற்றப்பட்டிருக்கும். அதைப் பயன்படுத்தும் கமராக்களையே நடுத்தர அளவுக் கமராக்கள் என்பர். சதுரப் படம் எடுக்கும் கருவியில் ஒரு சுருளுக்குப் 12 படம் கிடைக்கும். ஒவ்வொரு படமும் பக்கம் 56 மில்லிமீற்றர் கொண்டது. சிறிய 35 மில்லிமீற்றர்ச் சுருளிற் பதியும் படத்தின் பரப்போடு ஒப்பிட்டால் இது மூன்றரை மடங்குக்குச் சற்று மேற்பட்டது. நூறுபேர் நிற்கும் குழுப்படத்திற் கடைசி வரிசையில் நிற்கும் மாணவனுடைய முகமும் தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் இப் பரப்பேயாகும்.

இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது ஜேர்மனியின் பிறவுன்சுவைக் நகரிற் பிராங்கே, ஐடெக்கே என்போர் நிறுவிய தொழிலகம் 1929இல் வெளியிட்ட ரோலிபிளெக்ஸ். மேலே ஒரு வில்லை, கீழே ஒரு வில்லை. மேல்வில்லை வழியாக வரும் ஒளி, சாய்வாக வைத்த ஆடியிற் பட்டுத் தெறித்து, உச்சியிலுள்ள தேய்கண்ணாடித் திரையில் உருவாய்த் தோன்றும். படம் எடுப்போர் குனிந்து அதனைப் பார்ப்பர். கீழ்வில்லை வழியாக வரும் ஒளியே சுருளிற் பதியும். இவ் வமைப்பைப் பின்பற்றியே யப்பானிய யசிக்கா, மினோல்ற்றா, மாமியா முதலியனவும், சீனத்துச் சீகல்லும், சோவியத்து நாட்டு லுபிற்றெல்லும் பிறந்தன. நம் நாட்டு ஸ்ரூடியோக்களிலும் மணவீடுகளிலும் கழுத்திலே தொங்கிய பெட்டிகள் பெரும்பாலும் இக் குடும்பத்தினவே.

இனி, உறுப்பு வராமைக்குக் காரணம் காண்போம். கருவியைச் செய்தவர் தொழிலை விட்டால் உறுப்பும் நின்றுபோகும். ரோலி நிறுவனம் 1981இல் முறிந்தது. மீண்டும் எழுந்து, 2009இல் மறுபடியும் முறிந்தது. அதன் வழிவந்த சிறு தொழிலகமும் 2015இல் மூடப்பட்டது. யசிக்காவை 1983இற் கியோசெரா நிறுவனம் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அந் நிறுவனமும் 2005இற் கமராத் தொழிலைக் கைவிட்டது. 124ஜி கமராவோ 1970 முதல் 1986 வரையே செய்யப்பட்டது. ஆகவே கடைக்காரர் கூறியதில் பொய் இல்லை.

நம் நாட்டுக்கு மட்டும் உரிய காரணமும் ஒன்றுண்டு. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளிநாட்டு உறுப்பை வரவழைத்தல் அரிதாயிற்று. அண்மையிலும் 2020 தொடக்கம் இறக்குமதித் தடைகள் விதிக்கப்பட்டன. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் அத்தியாவசியப் பொருள்களுக்கே நாம் வரிசையில் நின்றோம். ஆயினும் இத் தட்டுப்பாடு ஒரு கல்வியையும் தந்தது. உறுப்பு வராத காலத்திற் கருவியை இயக்கியோர், இருப்பதைக்கொண்டு இயக்கக் கற்றனர். பஞ்சிகாவத்தையை அறியாத கொழும்பு வாசகர் இலர். செய்த நாட்டாரே மறந்துவிட்ட மோட்டார் வண்டிகளின் உறுப்புக்கள் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இல்லாத உறுப்புக்கு ஈடாக வேறு வண்டியின் உறுப்பைப் பொருத்திக் கொடுக்கும் கைகளும் அங்கே உள. கமராவுக்கு அத்தகைய தெரு இல்லை. ஆனால் அதே அறிவு இதற்கும் செல்லும்.

கொட்டாஞ்சேனையில் வாழும் முதியவர் ஒருவர் நெடுங்காலம் கமராப் பழுது பார்த்தவர். தம் பெயர் அச்சில் வருதலை அவர் விரும்பவில்லை. அவரிடம் நாம் இக் கருவியைக் கொண்டுசென்றபோது அவர் கூறிய முதற் சொல் இது: "மாஸ்டர், பார்ட்ஸ் தேடிப் போகாதீங்க. எது பழுது, அது என்ன வேலை செய்யுது, என்ன அளவு எண்டு முதலிலை எழுதுங்க. பிறகு தேடலாம்." அவர் கூறியவாறு எழுதியபோது ஐந்து குறைகள் வெளிப்பட்டன. சுருளைச் சுற்றி எடுக்கும் வெறுங் கட்டை காணாமற் போயிருந்தது. ஒளிக்கதவின் குறைந்த வேகங்கள் இயங்கவில்லை. ஒளிமானி உயிரற்றிருந்தது. ஆடியின் பூச்சு உரிந்து திரை இருண்டிருந்தது. சுருளை நகர்த்தும் கைப்பிடியின் உள்ளே பற்சக்கரம் ஒன்றின் பல் முறிந்திருந்தது. இவ்வைந்தையும் நோக்கினால், உறுப்புக் குறை நால்வகைப்படும் என்பது புலனாகும்.

முதல்வகை, பழுதெனத் தோன்றி உண்மையிற் பழுதாகாதது. இதற்கு ஒளிக்கதவு சான்று. இக் கமராவில் வில்லைகளுக்கு நடுவே மெல்லிய உருக்கு இதழ்கள் சில உள. அவை திறந்து மூடும் கால அளவே படத்தின் ஒளியளவு. ஒரு செக்கன், அரைச் செக்கன் முதலிய குறைந்த வேகங்களை மணிக்கூட்டில் உள்ளது போன்ற சிறு பற்சக்கர வரிசை ஒன்று தாமதப்படுத்தித் தருகின்றது. பல்லாண்டு கழிந்தபின் அச் சக்கரங்களில் இட்ட எண்ணெய் பிசினாக இறுகும். அதனால் இதழ்கள் திறந்தபடியே நின்றுவிடும். பலர் இதைக் கண்டு 'ஷட்டர் போய்விட்டது' என முடிவுகட்டிக் கருவியை எறிகின்றனர். போனது உறுப்பன்று, எண்ணெயேயாம். பெரியவர் முன்வில்லையைக் கழற்றி, லைற்றருக்கு ஊற்றும் தூய எண்ணெயைத் தூரிகை நுனியால் ஓரிரு துளி தொட்டு வைத்தார். பழைய பிசின் கரைந்தது. புதிய எண்ணெய் இதழ்களில் ஒருபோதும் இடலாகாது என எச்சரித்தார். ஒரு செக்கன் வேகம் இன்றும் சற்று நீண்டே இயங்குகின்றது. ஏனைய வேகங்கள் திருந்தின. கைத்தொலைபேசியில் ஒலியைப் பதிந்து, திறக்கும் ஒலிக்கும் மூடும் ஒலிக்கும் இடைப்பட்ட காலத்தை அளந்து இக் குறைந்த வேகங்களை நாம் சோதித்தோம். பழைய கருவிக்குப் புதிய கருவி உதவுதல் மகிழ்ச்சிக்குரியதன்றோ!

இரண்டாம் வகை, இன்றியும் இயங்கத்தக்க உறுப்பு. படம் எடுப்போர் தாமும் ஓடிச்சென்று குழுவில் நிற்பதற்கு உதவும் தாமதப் பொறி அத்தகையது. அது பழைய கருவிகளில் இடைவழியிற் சிக்கி ஒளிக்கதவையும் உடன் நிறுத்திவிடும். நாம் நம் சொந்தக் கமரா ஒன்றில் வேடிக்கையாக அதனை ஏற்றிப் பார்த்து, கருவியை ஓராண்டு முடக்கி வைத்தோம். அக் குற்றம் முழுவதும் நம்முடையதே. வாசகர்கள் அந் நெம்புகோலைத் தொடாதிருப்பாராக.

ஒளிமானியும் ஒருவாறு இவ்வகையினதே. நல்ல வெயிலிற் படத்துவாரத்தைப் பதினாறில் வைத்து, சுருளின் உணர்திறன் எண் எதுவோ அதற்கு அண்மையான வேகத்தை வைத்தாற் போதும். 125 எண்ணுடைய சுருளுக்கு ஒரு செக்கனில் 125இல் ஒரு பங்கு. மேகம் மறைத்தால் துவாரத்தைப் படிப்படியாகப் பெருக்கவேண்டும். இவ் விதியை மனனஞ் செய்தவருக்கு ஒளிமானி கெட்டாலும் கருவி கெடாது.

மூன்றாம் வகை, கமராக் கடையில் இல்லாது, வேறு கடையில் வேறு பெயருடன் இருக்கும் உறுப்பு. இவ்வகையே மிகுதி. காணாமற் போன கட்டை இதற்கு எளிய சான்று. ஒவ்வொரு 120 சுருளும் ஒரு கட்டையில் வருகின்றது. படம் எடுத்தபின் சுருள் மற்றக் கட்டைக்கு மாறுகின்றது. கழுவும் இடத்தில் அக் கட்டையை எறிகின்றனர். எறியுமுன் கேட்டால் இலவசமாகவே தருவர். ஆனால் வீட்டிலுள்ள பெட்டி பழைய கொடாக் கமராவாயின் அதன் மீது 620 என எழுதியிருக்கின்றதா எனப் பார்க்கவேண்டும். 620 சுருளும் 120 சுருளும் ஒரே அகலத்தன. கட்டை மட்டும் மெல்லியது. 620 சுருளைக் கொடாக் 1995இல் நிறுத்திவிட்டது. இருட்டறையில் 120 சுருளை 620 கட்டைக்கு மாற்றிச் சுற்றினால் அக் கமராவும் இயங்கும். ஆகையால் 620 கட்டை ஒன்றைக்கூட எவரும் எறிதலாகாது.

ஒளிமானியைக் கெட்டதென்றே விட்டுவிடவும் வேண்டியதில்லை. அதற்குரிய பற்றரி இரசம் சேர்ந்தது; 1.35 வோல்ற்று அழுத்தத்தைத் தளராது தருவது. யப்பானின் மினமாற்றா நகரிற் கடலிற் கலந்த இரசத்தால் மக்கள் பட்ட துன்பம் 1956இல் உலகுக்குத் தெரியவந்தது. அவ்வூரின் பெயராலேயே 2013இல் இரசம் பற்றிய உலக உடன்படிக்கை ஏற்பட்டது. இரசப் பற்றரி கடைகளை விட்டு நீங்கியது நன்றே. அதனிடத்தில் இன்றைய 1.5 வோல்ற்றுப் பற்றரியை இட்டால் மானி ஒளியை மிகுத்துக் காட்டும், படம் இருண்டுவிடும். பரிகாரம் மருந்துக்கடையில் உள்ளது. செவிப்புலன் குறைந்தோர் அணியும் கருவிக்குரிய நாக-வளிப் பற்றரி ஏறத்தாழ 1.4 வோல்ற்றுத் தருவது. அவற்றுள் 675 என்னும் அளவு, சுற்றிலும் ஒரு சிறு வளையமிட்டாற் கமராவின் குழியிற் பொருந்தும். மேலொட்டை நீக்கியதும் வளி உட்புகுந்து அது வேலை செய்யத் தொடங்கும், சில வாரங்களில் ஓயும், விலையோ சிறிது. காலி வீதியில் அதனை வாங்கி இட்டவுடன் முள் அசைந்தது. கொட்டாஞ்சேனை நண்பர் அப்போது ஒன்றும் பேசவில்லை. கமராவைச் சன்னற் பக்கமாகவும் சுவர்ப் பக்கமாகவும் மாறி மாறித் திருப்பி, முள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடியின் கதை சற்றுச் சிக்கலானது. முகம் பார்க்கும் கண்ணாடியிற் பூச்சு பின்புறம் உள்ளது; ஒளி கண்ணாடித் தடிப்பைக் கடந்து சென்று மீள்வதாற் கண்ணாடியின் முன்பரப்பிலும் ஒரு மங்கலுரு தோன்றும். கமராவில் அது கூடாது. ஆகவே பூச்சு முன்புறம் உள்ள ஆடியே வேண்டும். இதனைக் கண்ணாடிக் கடையிற் கேட்டால் விளங்காது. நாம் நெடுநாள் தேடி, இறுதியில் நம் கல்லூரியின் பண்டகசாலையிலேயே கண்டெடுத்தோம். கணினி வருமுன் வகுப்பறையில் ஒளித்தாளை வைத்துச் சுவரிற் பெரிதாக்கிக் காட்டிய தலைமேல் எறிவையின் உச்சியில் இருந்த ஆடி முற்பரப்பு ஆடியே. வேலை ஓய்ந்த எறிவையொன்றை அதிபரின் இசைவுடன் பிரித்தெடுத்தோம். பழைய ஆடியின் நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றைப் பௌதிக ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானியால் அளந்து, கண்ணாடி வெட்டுவாரிடம் வரைபடத்துடன் கொடுத்தோம். பூச்சில் விரல் படலாகாது என மும்முறை கூறினோம்.

தடிப்பு ஒரு சிறிது மாறினாலும் திரையில் தெளிவாகத் தோன்றுவது சுருளிற் கலங்கிவிடும். ஆதலின் ஆடியைப் பொருத்தியபின் சோதனை இன்றியமையாதது. பின்கதவைத் திறந்து, சுருள் இருக்கும் தளத்தில் எண்ணெய்த் தாளை இறுக விரித்து, ஒளிக்கதவைத் திறந்துவைத்து, தொலைவிலுள்ள ஒரு விளக்கைப் பார்க்கவேண்டும். மேற்றிரையிலும் கீழ்த்தாளிலும் அவ்விளக்கு ஒருங்கே தெளிவுற்றாற் பொருத்தம் சரி. நமக்கு முதன்முறை சரிவரவில்லை. ஆடியின் கீழ் மெல்லிய தகட்டுத் துண்டுகளை வைத்து மும்முறை திருத்தவேண்டியதாயிற்று.

இவ்வகையிற் சேர்ந்தன இன்னும் பல. ஒளி புகாது தடுக்கும் மெத்தை, தையற் கடைக் கறுப்புக் கம்பளி நூலாகவோ வெல்வெற்று நாடாவாகவோ கிடைக்கும். உரிந்த மேற்றோலைச் செருப்புத் தைப்போரின் மெல்லிய ஆட்டுத்தோல் ஈடுசெய்யும். மிகச் சிறிய திருகாணியை மணிக்கூடு திருத்துவோரின் தகரப் பேழையிற் காணலாம். அங்கும் இல்லையாயிற் செட்டியார் தெருவிலுள்ள பொற்கொல்லர் மாதிரியைப் பார்த்துக் கடைந்து தருவர். வில்லையின் முன் இடும் வடிகட்டியும் நிழற்காப்பும் ரோலிகோர்டுக்கும் யசிக்கா மற்றுக்கும் மினோல்ற்றா ஓட்டோகோர்டுக்கும் பொது. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்கு இடலாம்.

ஆயினும் குடும்ப ஒற்றுமையை நம்பி ஏமாறுதலும் உண்டு. நம்முடைய ரோலிகோர்டு 'ஐந்து-ஏ' கமராவின் பார்வைக் கூண்டு நசுங்கியபோது, 'ரோலிகோர்டுக் கூண்டு' என்ற பெயரை மட்டும் கண்டு வெளிநாட்டிலிருந்து ஒன்றைத் தருவித்தோம். வந்தது 1962இல் வெளியான 'ஐந்து-பி' மாதிரிக்குரியது. அதிலே கூண்டு கழற்றி மாட்டத்தக்கது. நம்முடையதிற் கூண்டு உடலோடு திருகப்பட்டது. விற்றவர் மீது குற்றம் இல்லை. பெயரைக் கேட்டு வாங்கினோமே தவிர வரிசை எண்ணையும் அளவையும் கூறி வாங்கினோமல்லோம். ஒருசொல் பலபொருள் குறிக்கும் எனக் கற்பிக்கும் தமிழாசிரியர் அதனை மறந்ததன் தண்டனை அஞ்சற் செலவோடு வந்து சேர்ந்தது. அக் கூண்டு இன்றும் நம் மேசையில் இருக்கின்றது. பொருந்தும் கமரா வைத்திருப்போர் கேட்டால் மகிழ்ந்து கொடுப்போம்.

நான்காம் வகை, அதே மாதிரிக் கருவி ஒன்றிலிருந்தே பெறத்தக்க உறுப்பு. முறிந்த பற்சக்கரம் இவ்வகையினது. அதனைக் கடைந்து செய்தல் இயலும். ஆனால் பல்லின் கணக்குச் சிறிது தவறினாலும் படத்தின்மேற் படம் விழும். ஆகவே இறந்த உடல் ஒன்றிலிருந்து எடுத்தலே நன்று. ஏட்டுச்சுவடி பதிப்பித்த சான்றோரின் வழியும் இதுவே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அக்காலப் பதிப்பாசிரியர்க்குச் செல்லரித்த ஏடுகளே கிடைத்தன. ஒரு சுவடியிற் சிதைந்த இடத்தை மற்றொரு சுவடியைக் கொண்டு நிரப்பியே நூலை முழுமையாக்கினர். சிதைந்ததென ஒரு சுவடியை அடுப்பிலிட்டவர், தம் சுவடியை மட்டுமன்றி மற்றொருவர் சுவடியின் நிறைவையும் எரித்தவராவர். கமராவும் அவ்வாறே.

அப் பற்சக்கரத்துக்காக நாம் ஏழு மாதம் காத்திருந்தோம். ஆசிரியர் ஓய்வறையிலும், தெரிந்தவர் வீடுகளிலும், கோயில் வீதியிலும் சொல்லிவைத்தோம். இறுதியில் அது கிடைத்த இடம் பாமன்கடையிலேயே, நம் இல்லத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்திலே. ஒரு வீட்டு அலுமாரியின் மேற்றட்டில் இன்னொரு 124ஜி தோலுறையோடு இருந்தது. அதன் வில்லைகள் இரண்டும் பங்கசு படர்ந்து சிலந்தி வலைபோல் ஆகியிருந்தன. படம் எடுக்க உதவாது. ஆனால் அதன் பற்சக்கரங்கள் புதியனபோல் இருந்தன. அவ் வீட்டார் அதனைக் கழிவுப் பொருள் வாங்குவோருக்குக் கொடுக்க எண்ணியிருந்தனராம். ஒரு வாரம் பிந்தியிருந்தால் அதனை இழந்திருப்போம்.

அவ் வில்லைகள் கெட்ட காரணத்தையும் கூறுதல் வேண்டும். ஏனெனிற் கெடாமற் காத்த உறுப்பே மிக எளிதிற் கிடைக்கும் உறுப்பு. வெள்ளவத்தைக் கடற்காற்றும் கால்வாய் ஈரமும் நாம் அறிந்தவை. கொழும்பின் வளியில் ஈரப்பதன் பெரும்பாலும் நூற்றுக்கு எழுபதுக்கு மேல். அத்தகைய வளியும் இருளும் சேர்ந்தாற் கண்ணாடியிற் பங்கசு வளரும். வளர்ந்தபின் அது வில்லையின் பூச்சையே அரித்துவிடும். தோலுறை அழகிய காப்பெனத் தோன்றினும் ஈரத்தை உறிஞ்சி வைத்துப் பங்கசை வளர்ப்பது அதுவே. ஆகவே கமராவை உறையினின்று எடுத்து, இறுக மூடும் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வைக்கவேண்டும். அம் மணிகள் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீளப் பயன்படுத்தலாம். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து ஒளிக்கதவை எல்லா வேகங்களிலும் இயக்குதல் நன்று. ஓய்ந்திருக்கும் கருவி விரைவில் நோயுறும்.

படச்சுருளும் ஓர் உறுப்பேயன்றோ, அது கிடைக்குமா என ஐயுறுவோர்க்கு ஒரு சொல். தமிழ்நாட்டில் உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிலகம் 1967 முதல் 'இந்து' என்னும் பெயருடன் கறுப்பு வெள்ளைச் சுருள்களைச் செய்தது. அது இன்று மூடப்பட்டுவிட்டது. ஆயினும் இங்கிலாந்தில் இல்போர்டும், அமெரிக்காவிற் கொடாக்கும், செக் நாட்டிற் போமாவும் 120 சுருளை இன்றும் செய்கின்றன. 1901இல் வந்த அளவு மாறாமையால், நூறாண்டுப் பெட்டியிலும் இன்றைய சுருள் பொருந்துகின்றது.

இவ்வாறு ஐந்து குறையும் நீங்கியபின், இம் மலர் அச்சேறுமுன் ஒரு சனிக்கிழமை காலை கல்லூரி முற்றத்திற் குழுப்படம் எடுத்தோம். நண்பரே தம் தந்தையாரின் கமராவை முக்காலியில் ஏற்றிப் படம் எடுத்தார். பன்னிரண்டு படங்களுட் பதினொன்று தெளிவாக வந்தன. ஒன்று மட்டும் கலங்கியது. நாம் கைப்பிடியை அவர் கையினின்று வாங்கி எடுத்த படம் அது. கருவியிற் பிழையில்லை.

படச்சுருளே சிறந்தது, கைத்தொலைபேசி தாழ்ந்தது என வாதிடுதல் நம் கருத்தன்று. கறையான் தின்னும், தீ எரிக்கும். நெகற்றிவும் அழியும் பொருளே. 1983இன் பின்னும், அதன் பின் வந்த இடப்பெயர்வுகளின் பின்னும், பாட்டன் பாட்டியரின் முகம் அறியாத பிள்ளைகள் நம் வகுப்புக்களில் இருந்திருக்கின்றனர். இதனை நாம் அறிவோம். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். நெகற்றிவைப் பார்ப்பதற்குச் சன்னல் வெளிச்சம் போதும். அதனை எடுத்த கருவியைத் திருத்துவதற்குத் திருப்புளியும் சாமணமும் அறிந்த கையும் போதும். இவற்றுள் அருகிவருவது கையே. கொட்டாஞ்சேனைப் பெரியவருக்கு இன்று கண்ணும் கையும் தளர்கின்றன. அவரிடம் பயில்வார் ஒருவரும் இலர். எறிவையின் ஆடி முற்பரப்பு ஆடி என்பதை நமக்குச் சொன்னவர் அவரே. எந்த உறுப்பு எந்தப் பொருளில் ஒளிந்திருக்கின்றது என்னும் அகராதி அவர் நினைவிலேயே உள்ளது. அவ் வகராதி எழுதப்படாது போயின், அலுமாரிகளில் உள்ள கமராக்கள் யாவும் ஒரே நாளிற் பகாப்பதமாகிவிடும்.

ஆகவே பழைய மாணவர்களிடம் நாம் வேண்டுவன இரண்டு. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உங்கள் வீட்டு மேற்றட்டுக்களிற் கெட்டுக் கிடக்கும் கமரா எதுவாயினும், அது பயனற்றதென எறியாதீர்கள், கல்லூரிக்கு அனுப்புங்கள். அதனுள் மற்றொருவரின் தந்தையாருடைய கமராவுக்கு வேண்டிய பற்சக்கரம் இருக்கலாம். இரண்டாவது, கல்லூரியில் ஓர் அலுமாரியும் ஒரு குறிப்பேடும் அமைய உதவுங்கள். கருவியின் பெயர், மாதிரி, வரிசை எண், நல்ல உறுப்பு எது, கெட்ட உறுப்பு எது, அளவு என்ன, ஈடு எங்கே கிடைத்தது என அக் குறிப்பேட்டில் மாணவரே எழுதுவர். வேணியர் இடுக்கிமானியைப் பரீட்சைக்கு மட்டும் கையில் எடுக்கும் மாணவர்க்கு இது நல்ல பயிற்சியுமாகும்.

பெரியவரை நாம் கேட்டோம். "பிள்ளைகள் வந்து இருந்தாப் பழக்கிவிடுறன், மாஸ்டர், ஆனா வெளிச்சமான ஒரு மேசை வேணும்" என்றார். மேசை நம் கல்லூரியில் உள்ளது. சன்னலோரமாக நகர்த்தி வைப்பதே எஞ்சியுள்ள வேலை.